முட்டையை அறிந்த பறவை குஞ்சை அறியாதது ஏன்?

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகருக்கு அருகே விக்கன் ஃபென் என்றொரு சதுப்பு நிலம் இருக்கிறது. அங்கே நாணல் தண்டுகளை இணைத்துக் கூடு பின்னும் நாணல் கதிர்க்குருவியின் எடை ஏறத்தாழ 12 கிராம். தன் கூட்டிலுள்ள முட்டைகளில் ஒன்றின் நிறமோ புள்ளியோ மாறியிருந்தால், அதைக் கண்டுபிடித்து, அலகால் குத்தி வெளியே எறியும் ஆற்றல் இந்தச் சிறு பறவைக்கு உண்டு. ஆனால் அதே குருவி, தன் முட்டைகளையெல்லாம் கீழே தள்ளிவிட்டுக் கூடு பிதுங்க உட்கார்ந்திருக்கும் குயில் குஞ்சின் சிவந்த வாய்க்குள், தன்னைவிட ஏழெட்டு மடங்கு எடை கூடிய அந்த உயிரின் வாய்க்குள், தலையையே நுழைத்துப் பூச்சி ஊட்டுகிறது. முட்டையிடம் இவ்வளவு கூர்மையாக இருக்கும் கண்ணுக்குக் குஞ்சு மட்டும் ஏன் தெரியாமல் போகிறது? பறவைகளைப் பற்றிப் படிக்கத் தொடங்கிய நாள் முதல் என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் கேள்வி இது.

உலகில் உள்ள பறவையினங்களில் நூற்றுக்கு ஒன்று, அதாவது ஏறத்தாழ நூறு இனங்கள், தாமாகக் கூடு கட்டுவதோ அடைகாப்பதோ இல்லை. முழுக்க முழுக்கப் பிற பறவைகளையே நம்பி வாழ்கின்றன. குயில்கள் மட்டுமல்லாமல், ஆப்பிரிக்காவின் தேன்காட்டிகளும், அமெரிக்கக் கண்டத்தின் கௌபேர்ட்களும், தென் அமெரிக்காவின் கருந்தலை வாத்தும் இந்தக் கணக்கில் அடங்கும். இந்த வாழ்க்கை முறை பறவைகளிடையே ஏழு முறை தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டுள்ளனர். குயில் குடும்பத்தில் பிறந்ததாலேயே ஒரு பறவை ஒட்டுண்ணி ஆகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். நம் வேலிப் புதர்களில் திரியும் செம்போத்து அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அது தானே கூடு கட்டித் தன் குஞ்சுகளைத் தானே வளர்க்கிறது.

ஐரோப்பியக் குயில் குஞ்சு செய்யும் வேலையை முதன்முதலில் தெளிவாகப் பார்த்து எழுதியவர், பின்னாளில் அம்மைத் தடுப்பூசியால் புகழ்பெற்ற எட்வர்ட் ஜென்னர். 1788இல் வெளியான அவருடைய கட்டுரையைப் படித்த பலர் அதை நம்ப மறுத்தனர். கண்கூடத் திறக்காத, இறகே முளைக்காத, பொரித்து ஒரு நாள் ஆகியும் ஆகாத குஞ்சு, கூட்டின் அடியில் பின்னோக்கி நகர்ந்து, பக்கத்தில் கிடக்கும் முட்டையைத் தன் முதுகில் ஏந்துகிறது. முதுகின் நடுவே அதற்கென்றே ஒரு பள்ளம் இருக்கிறது. இரண்டு சிறகுக் குருத்துகளாலும் முட்டை நழுவாமல் பிடித்துக்கொண்டு, கால்களைக் கூட்டின் சுவரில் ஊன்றி, மெல்ல மெல்ல விளிம்புவரை ஏறி, ஒரு உதறலில் வெளியே தள்ளிவிடுகிறது. சற்று ஓய்வெடுத்தபின் அடுத்த முட்டைக்குத் திரும்புகிறது. சில சமயம் தாய்ப்பறவை பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே இது நடக்கும், தாய் தடுப்பதில்லை. ஏறத்தாழ பன்னிரண்டு நாளில் அந்த முதுகுப் பள்ளம் நிரவிவிடுகிறது என்பதையும் ஜென்னர் குறித்து வைத்திருந்தார்.

விக்கன் ஃபென்னில் நிக் டேவிஸும் மைக்கேல் புரூக்கும் 1980களில் செய்த சோதனைகள்தாம் குயிலுக்கும் குருவிக்கும் இடையிலான போட்டியை அளந்து பார்க்கும் வழியைத் திறந்தன. அவர்கள் செய்தது மிக எளிமையானது. பல நிறங்களில் போலி முட்டைகளைச் செய்து, தாங்களே குயிலாக மாறிக் கூடுகளில் வைத்தனர். நாணல் கதிர்க்குருவியின் முட்டையை ஒத்திருந்தவை பெரும்பாலும் தப்பின, ஒவ்வாதவை வெளியேற்றப்பட்டன. குயில் ஏன் பிற்பகலில் முட்டையிடுகிறது, ஏன் பத்தே விநாடிகளில் வேலையை முடித்துப் பறந்துவிடுகிறது என்பதற்கும் விடை கிடைத்தது. போலி முட்டையை அதிகாலையில் வைத்தால் குருவிகள் அதைத் தள்ளிவிடும் வாய்ப்பு கூடியது. கூட்டருகே ஒரு பாடம் செய்த குயிலை நிறுத்திக் காட்டினால், நன்றாக ஒத்திருந்த முட்டைகூட ஐயத்துக்கு உள்ளானது. குயிலின் ஒவ்வொரு பழக்கமும் எதிராளியின் ஏதோவொரு கண்காணிப்புக்கு விடையாக அமைந்திருக்கிறது என்பதை இப்படி ஒன்றன்பின் ஒன்றாக நிறுவிக் காட்டியதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு குறைவதில்லை.

ஐரோப்பியக் குயில் ஒரே இனம்தான் என்றாலும், அதன் பெண்களுக்குள் பல மரபுகள் இருக்கின்றன. நாணல் கதிர்க்குருவியின் கூட்டில் பிறந்தவள் அந்தக் குருவியின் முட்டையை ஒத்த முட்டையை இடுகிறாள். நெட்டைக்காலியின் கூட்டில் பிறந்தவள் பழுப்பு முட்டையை இடுகிறாள். ஆண்களோ எந்த மரபுப் பெண்ணோடும் இணைகின்றன. அதனால்தான் இனம் பிளவுபடாமல் ஒன்றாகவே இருக்கிறது. தாய்வழியில் மட்டும் கடத்தப்படும் டிஎன்ஏவில் இந்த மரபுகளிடையே வேறுபாடு இருப்பதை 2000இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆனால் டன்னக் என்னும் சிறு பறவையின் கூட்டில் இந்த ஒழுங்கு காணப்படுவதில்லை. டன்னக்கின் முட்டை தெளிந்த நீலம். அதன் கூட்டில் குயில் இடும் முட்டையோ வெளிறிய நிறத்தில் புள்ளிகளோடு இருக்கும். பார்த்த மாத்திரத்தில் வேறுபாடு தெரியும். ஆனாலும் டன்னக் அதை அடைகாக்கிறது. இந்தப் பறவைக்கு எதிர்ப்பு இன்னும் பரிணமிக்கவில்லை என்பதும், எதிர்ப்பு இல்லாத இடத்தில் குயிலுக்கு வேடம் தேவைப்படவில்லை என்பதும் பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம்.

இந்த முட்டைப் போட்டி எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்க வேண்டுமானால் சாம்பியாவின் சோமா பகுதிக்குத்தான் போக வேண்டும். கிளேர் ஸ்பாட்டிஸ்வூட் அங்கே ஆராய்ந்த பிரினியா என்ற சிறு குருவி, நம் தோட்டங்களில் பளபளக்கும் செங்கல் நிற முட்டையிடும் சாம்பல் கதிர்க்குருவியின் நெருங்கிய உறவு. நம்முடையது எங்கும் அதே செங்கல் நிறம்தான். ஆனால் சாம்பியாவின் பிரினியாக்கள் ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு முட்டை வைத்திருக்கிறது: ஒருத்திக்கு வெளிர்நீலம், இன்னொருத்திக்குச் செம்மை, மற்றொருத்திக்கு வெண்மை, வேறொருத்திக்கு ஆலிவ் பச்சை, அவற்றின்மேல் புள்ளிகள், திட்டுகள், கிறுக்கல்கள் என்று ஆளுக்கொரு கையெழுத்து. ஒரு தாய் தன் வாழ்நாள் முழுவதும் ஒரே மாதிரி முட்டையையே இடுகிறாள். பக்கத்துப் புதரில் இருப்பவளின் முட்டை முற்றிலும் வேறு. அங்கே ஒட்டுண்ணியாக இருப்பது குக்கூ ஃபிஞ்ச் என்னும் மஞ்சள் சிட்டு. அதுவும் நீலம், சிவப்பு என்று பல நிறங்களில் முட்டையிடுகிறது. ஆனால் எந்தக் கூட்டில் எந்த நிறம் இருக்கிறது என்று பார்த்து அதற்கேற்ப இட அதனால் முடியாது. பொருந்தினால் உண்டு, இல்லையென்றால் முட்டை வெளியே.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஆலிவ் பச்சை முட்டையின் கதை. நீல முட்டைக்கான பண்பும் செம்முட்டைக்கான பண்பும் ஒரே பறவையில் சேர்ந்தால் ஆலிவ் நிறம் வரும். பிரினியா தன் முட்டையின் நிறத்தைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெறுகிறது. ஆகவே புதிய சேர்க்கைகள் அதற்குக் கைகூடுகின்றன. குக்கூ ஃபிஞ்ச்சோ அதைத் தாயிடமிருந்து மட்டுமே பெறுகிறது. நீல மரபும் சிவப்பு மரபும் தனித்தனியாகவே ஓடுவதால், இரண்டும் கலந்த ஆலிவ் முட்டையை அதனால் உருவாக்க முடியவில்லை. 2022இல் வெளியான ஆய்வின் முடிவு இது. தாயின் நிறம் மகளிடம் கலப்பில்லாமல் அப்படியே போய்ச் சேர்வதுதான் ஒரு காலத்தில் ஒட்டுண்ணிக்குப் பெரும் பலமாக இருந்தது. இன்று அதே ஏற்பாடு அதன் கையைக் கட்டிப்போட்டிருக்கிறது.

போட்டி நின்றுவிட்டால் ஆயுதமும் மழுங்கும். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து கரீபியன் கடலின் ஹிஸ்பனியோலா தீவுக்கு 18ஆம் நூற்றாண்டில் கொண்டுபோகப்பட்ட தூக்கணாங்குருவி இனம் ஒன்று, அங்கே தன் பழைய எதிரியான குயில் இல்லாமல் வாழத் தொடங்கியது. டேவிட் லாட்டி 2005இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு தாயின் முட்டைக்கும் இன்னொரு தாயின் முட்டைக்கும் இருந்த பெரிய வேறுபாடு அங்கே குறைந்துவிட்டது. ஒரே தாய் இடும் முட்டைகளுக்குள் இருந்த ஒற்றுமையும் தளர்ந்துவிட்டது. ஓரிரு நூற்றாண்டுகளே இதற்குப் போதுமானதாக இருந்தன. விக்கன் ஃபென்னில் நடந்த மாற்றம் இதைவிட வேகமானது. 1980களின் நடுவில் ஒவ்வாத முட்டைகளில் நான்கில் மூன்றைத் தள்ளிவிட்ட நாணல் கதிர்க்குருவிகள், குயில்களின் எண்ணிக்கை வீழ்ந்த பிறகு, 1997இல் நான்கில் ஒன்றை மட்டுமே தள்ளின. பன்னிரண்டு ஆண்டுகளில் இவ்வளவு பெரிய மரபு மாற்றம் நடக்க வாய்ப்பில்லை. குயில் கண்ணில் படும் அளவுக்கேற்ப, ஐயப்படுவதையே குருவிகள் கூட்டியும் குறைத்தும் கொள்கின்றன என்றுதான் கொள்ள வேண்டும். ஐயப்படுவதற்கும் ஒரு விலை இருக்கிறது. அவசரத்தில் தன் முட்டையையே எறிந்துவிடும் தவறு உண்மையில் நடக்கிறது. குயிலே வராத ஊரில் ஓயாமல் ஐயப்படும் குருவிக்கு இழப்பு மட்டும்தான் மிஞ்சும்.

குஞ்சைப் பற்றிய கேள்விக்கும் விடை இந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது என்பது என் எண்ணம். 1993இல் இஸ்ரேலிய ஆய்வாளர் அர்னோன் லோட்டெம் முன்வைத்த வாதம் அது. ஒரு பறவை தன் முட்டை எப்படியிருக்கும் என்பதை முதல் ஈட்டின்போது, அதாவது முதன்முறை முட்டையிட்டு அடைகாக்கும்போது, பார்த்துக் கற்றுக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த முதல் ஈட்டிலேயே குயில் முட்டையிட்டிருந்தாலும் பெரிய கேடில்லை. தன் முட்டைகளும் அங்கேயே இருப்பதால் இரண்டு வகையையும் தன்னுடையதாகக் கொள்ளும், அவ்வளவுதான். ஆனால் குஞ்சையும் இதே முறையில் கற்றுக்கொள்ள முயன்றால் என்ன ஆகும்? குயில் குஞ்சு மற்றவற்றையெல்லாம் தள்ளிவிட்டுத் தனியாக அமர்ந்திருக்கிறது. முதல் முறை தாயாகும் குருவி தன் கூட்டில் காணும் ஒரே குஞ்சு குயிலினுடையது. அதையே தன் குஞ்சின் உருவமாக மனத்தில் பதித்துக்கொண்டால், அடுத்த ஈட்டில் பிறக்கும் தன் சொந்தக் குஞ்சுகள் அனைத்தும் அந்நியமாகத் தெரியும். வாழ்நாள் முழுவதும் அவற்றையே அது ஒதுக்கித்தள்ளும். எந்தக் குஞ்சு வந்தாலும் ஊட்டும் பறவை ஓர் ஈட்டை மட்டுமே இழக்கிறது. கற்றுக்கொள்ளும் பறவையோ எல்லா ஈட்டையும் இழக்கக்கூடும். ஆகவே இங்கே கற்காமல் இருப்பதைத்தான் இயற்கைத் தேர்வு ஆதரிக்கிறது. அந்தக் குருவியை அறிவற்றது என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. எண்ணற்ற தலைமுறைகளின் இழப்பையும் பிழைப்பையும் கூட்டிக் கழித்த பிறகு எஞ்சிய நடத்தை அது.

அந்தக் குருவி எந்தக் குஞ்சையும் ஏற்கும் என்பதற்கு நேரடிச் சான்றும் உண்டு. குயில் குஞ்சின் அளவேயுள்ள வேறொரு பறவையின் குஞ்சை, பிளாக்பேர்டின் குஞ்சை, டேவிஸும் ரெபெக்கா கில்னரும் டேவிட் நோபிளும் நாணல் கதிர்க்குருவியின் கூட்டில் வைத்துப் பார்த்தனர். குருவிகள் அதற்கும் ஊட்டின; ஆனால் கொண்டுவந்த உணவு குயில் குஞ்சுக்குக் கிடைப்பதைவிடக் குறைவு. பக்கத்தில் ஒரு சிறு ஒலிபெருக்கியை வைத்துக் குயில் குஞ்சின் குரலை ஒலிக்கச் செய்ததும் உணவு கூடியது. குயில் குஞ்சு ஒன்று எழுப்பும் இடைவிடாத குரல், ஒரு கூடு நிறைய இருக்கும் நாணல் கதிர்க்குருவிக் குஞ்சுகளின் குரலுக்கு ஈடானது. ஆக, இந்தக் குஞ்சுக்கு உருவத்தை மறைக்க வேண்டிய தேவையே இல்லை. பல குஞ்சுகளுக்கு உரிய உணவை ஒற்றை வாயால் கேட்டுப் பெறுவதுதான் அதன் ஒரே சிக்கல். அதைக் குரலால் தீர்த்துக்கொள்கிறது. ஜப்பானின் ஒரு குயிலினத்தில் இதே சிக்கலுக்கு வேறொரு தீர்வு இருக்கிறது. அதன் குஞ்சின் சிறகடியில் இறகில்லாத மஞ்சள் தோல் உண்டு. சிறகை உயர்த்தி அதை அசைத்தால் பக்கத்தில் இன்னொரு வாய் திறந்திருப்பதாக வளர்க்கும் பறவைக்குத் தோன்றுகிறது. சில சமயம் அந்தத் தோலிலேயே உணவை வைக்கப் பார்ப்பதும் உண்டு. ஆய்வாளர்கள் அதைக் கறுப்பாக்கியபோது வரும் உணவு குறைந்தது.

இதுவே விதி என்று எல்லாரும் நம்பியிருந்த காலத்தில்தான் 2003இல் ஆஸ்திரேலியாவிலிருந்து நவோமி லாங்மோரும் அவருடைய கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வு வந்தது. ஃபேரிரென் என்னும் நீலக் குருவிகள், தங்கள் கூட்டில் தனித்திருக்கும் வெண்கலக் குயில் குஞ்சைப் பல நேரங்களில் கைவிட்டுப் போய்விடுகின்றன. அங்கே வழக்கமாக முட்டையிடும் குயிலினத்தின் குஞ்சு ஏறத்தாழ 40 சதவீதம் கூடுகளில் கைவிடப்பட்டது. எப்போதாவது வரும் இன்னோர் இனத்தின் குஞ்சுகள் எல்லாமே கைவிடப்பட்டன. லோட்டெமின் வாதப்படி நடக்கக்கூடாதது இங்கே எப்படி நடக்கிறது? இந்தக் குருவிகளின் கூடு மேலே மூடியது, உள்ளே இருட்டு. முட்டையைப் பார்த்துப் பிரித்தறிய வெளிச்சம் போதாது. ஐரோப்பாவில் முட்டை என்ற முதல் வாயிலிலேயே பல ஒட்டுண்ணிகள் தடுக்கப்படுவதால், இரண்டாவது வாயிலுக்குக் காவல் போடும் தேவை குறைவு. ஆஸ்திரேலியாவின் மூடிய கூடுகளிலோ முதல் வாயில் திறந்தே கிடக்கிறது. அங்கே காவல் இரண்டாவது வாயிலுக்கு வந்துவிட்டது. வடக்கே டார்வின் நகரப் பகுதியில் வாழும் ஜெரிகோன் என்ற சிறு பறவை, உயிரோடிருக்கும் குயில் குஞ்சை அலகால் கவ்வி இழுத்துக் கூட்டுக்கு வெளியே போட்டுவிடுவதை 2010இல் வெளியான ஆய்வுகள் பதிவு செய்தன. காவல் வந்த இடத்தில் வேடமும் வந்தது: அங்குள்ள வெண்கலக் குயில்களின் குஞ்சுகள், தம்மை வளர்க்கும் பறவையின் குஞ்சுகளைப் போலவே தோல் நிறமும் வாய் நிறமும் கொண்டிருக்கின்றன. ஐரோப்பியக் குயில் குஞ்சுக்குத் தேவைப்படாத வேடம் இது.

ஃபேரிரென் தாய் இன்னொன்றும் செய்கிறது. அடைகாக்கும் கடைசி நாள்களில் அது முட்டைகளை நோக்கித் திரும்பத் திரும்ப ஒரு குரல் கொடுக்கிறது. அந்தக் குரலின் ஒரு பகுதியைக் குஞ்சு முட்டைக்குள் இருந்தபடியே கற்றுக்கொண்டு, பொரித்து வெளிவந்ததும் உணவு கேட்கும் தன் குரலில் அதைச் சேர்த்துக்கொள்கிறது. ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகத்தின் டயான் கொலம்பெல்லி-நெக்ரலும் அவருடைய குழுவினரும் கூடுகளுக்கிடையே முட்டைகளை மாற்றிவைத்துப் பார்த்தபோது, குஞ்சுகள் பெற்றவளின் குரலை அல்ல, அடைகாத்தவளின் குரலையே எழுப்பின. குயில் முட்டை முன்னதாகவே பொரித்துவிடுவதால் அதற்குப் பாடம் கேட்க நாள் போதுவதில்லை. இந்த ஏற்பாட்டில் குஞ்சின் உருவத்தைக் கற்கும் ஆபத்துக்கே இடமில்லை. தாய் தானே கற்பித்த அடையாளத்தைத் தானே சரிபார்க்கிறது.

இனி நம் ஊருக்கு வரலாம். தமிழ்நாட்டில் இந்தப் போட்டியைப் பார்க்கக் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. தவிட்டுக்குருவிகளின் நீல முட்டைகளுக்கு நடுவே நீல முட்டையே இடும் சுடலைக்குயிலும், வைரி என்னும் வேட்டைப் பறவையைப் போலத் தோற்றம் கொண்ட அக்காக்குயிலும் இருக்கின்றன என்றாலும், எல்லாருக்கும் தெரிந்தது காக்கையும் குயிலும்தான். பங்குனி, சித்திரையில் விடியுமுன்னே கூவத் தொடங்குவது கருத்த உடலும் சிவந்த கண்ணும் கொண்ட ஆண். பெண் பழுப்பு நிறத்தில் வெண்புள்ளிகளோடு இலைகளுக்குள் ஒதுங்கியிருக்கும். ஆண் கூட்டருகே சென்று குரல் கொடுத்துக் காக்கைகளைத் தன்பின் துரத்தவைக்க, அந்த இடைவெளியில் பெண் முட்டையிட்டுவிடுகிறது.

எங்கள் தெருவின் வேப்பமரத்தில் ஓர் ஆனி மாதத்தில் நெருக்கமாகப் பார்க்கக் கிடைத்த காட்சி ஒன்று உண்டு. கூட்டை விட்டு வெளிவந்த காக்கைக் குஞ்சு ஒன்றும் குயில் குஞ்சு ஒன்றும் அடுத்தடுத்த கிளைகளில் உட்கார்ந்திருந்தன. தொண்டை புடைக்க எதையோ கொண்டுவந்த காக்கை முதலில் தன் குஞ்சின் பக்கம்தான் இறங்கியது. குயில் குஞ்சு சிறகுகளைத் தாழ்த்தி நடுக்கியபடி கிளையோரம் நகர்ந்து வந்து வாயைப் பிளந்தது. காக்கை ஒரு வாய் அதற்கும் மறு வாய் இதற்குமாக ஊட்டிவிட்டுப் போயிற்று. இரண்டையும் ஒரே பார்வையில் வைத்துப் பார்த்த பிறகும் அது எந்த வேறுபாடும் காட்டவில்லை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்கிறோம். இங்கே பொன் எது என்பதை அது பிரித்துப் பார்க்கவே இல்லை.

லோட்டெமின் விளக்கம் காக்கைக்குப் பொருந்தாது என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். நம் குயிலின் குஞ்சு பொதுவாக மற்றவற்றைத் தள்ளிவிடுவதில்லை. காக்கைக் குஞ்சுகளோடு சேர்ந்தே வளர்கிறது. ஆகவே ஒப்பிட்டுக் கற்கக் காக்கைக்கு வாய்ப்பு உண்டு. தன் குஞ்சை மறந்து குயில் குஞ்சையே தன்னுடையதாகப் பதித்துக்கொள்ளும் ஆபத்தும் இல்லை. அறிவுக்கும் குறைவில்லை, மனித முகங்களைப் பிரித்தறியும் காக்கையினங்கள் உண்டு. என் கருத்தில் விடை செலவுக் கணக்கில் இருக்கிறது. குயில் முட்டை காக்கை முட்டைக்கு ஏறத்தாழ மூன்று நாள் முன்னதாகப் பொரிப்பதால் உணவில் அதற்கு முந்துரிமை கிடைக்கிறது. அதனால் காக்கைக் குஞ்சு ஒன்றிரண்டு மெலிந்து இறக்கவும் கூடும். ஆனாலும் வளர்ந்த குயில் காக்கையைவிடப் பெரிதல்ல. நாணல் கதிர்க்குருவியைப்போல எட்டு மடங்கு உடலை வளர்க்கும் சுமை காக்கைக்கு இல்லை. ஈடு முழுவதும் அழிவதும் இல்லை. இழப்பு இவ்வளவே என்னும்போது, தவறாகத் தன் குஞ்சையே கொன்றுவிடும் ஆபத்தோடு கூடிய ஒரு காவல் பரவுவதற்கு அழுத்தம் குறைவு. காக்கை தன் வலிமையையெல்லாம் வாயிலுக்கு முன்பே செலவழிக்கிறது: குயிலைக் கண்ட இடத்தில் துரத்துகிறது.

காக்கைக் குடும்பத்தில் இந்தக் கணக்கு தலைகீழாகவும் திரும்பக்கூடும். வட ஸ்பெயினில் கருங்காக்கையின் கூட்டில் பெரும்புள்ளிக் குயில் முட்டையிடுகிறது. அதன் குஞ்சும் மற்றவற்றைத் தள்ளாது. டேனியலா கனெஸ்ட்ராரியின் குழு பல ஆண்டுத் தரவுகளைத் தொகுத்து 2014இல் வெளியிட்டது. பிடித்தால் இந்தக் குயில் குஞ்சு கடும் நாற்றமுள்ள ஒரு திரவத்தைப் பீச்சுகிறது. பூனைகளும் வேட்டைப் பறவைகளும் அது தடவிய இறைச்சியைத் தொடத் தயங்கின. வேட்டை விலங்குகள் மிகுந்த ஆண்டுகளில், குயில் குஞ்சு இருந்த கூடுகளில் காக்கைக் குஞ்சுகள் பிழைத்தது கூடுதல். அவை குறைந்த ஆண்டுகளில், குயில் இல்லாத கூடுகளே அதிகக் குஞ்சுகளை வெளியேற்றின. இந்த முடிவை அத்துறையில் எல்லாரும் ஏற்கவில்லை. அதே குயில் மேக்பை பறவைகளின் கூட்டில் இழப்பை மட்டுமே தருகிறது என்று தெற்கு ஸ்பெயினில் ஆய்வு செய்பவர்கள் எதிர்வாதம் வைத்திருக்கிறார்கள்.